ஸ்க்ரூ எல்லாம் கழற்றியும் நகராத சர்வர் போர்டு

ஒரு கீறல் இல்லாமல் சர்வரின் மதர்போர்டு வெளியே வந்துவிட்டது! ரேக்கில் செருகும் 2யூ (இரண்டு தட்டு உயர) சர்வர், ப்ராசஸர் உட்கார இரண்டு எல்ஜிஏ 3647 சாக்கெட். ப்ராசஸரையும் ராமையும் இணைக்கும் பாதைகளில் ஒன்று, அதாவது ஒரு மெமரி சேனல் மட்டும் கண்ணில் படவே இல்லை. ராமை மாற்றினேன், ப்ராசஸர்களை இடம் மாற்றினேன், அதே சேனல்தான் அடம்பிடித்தது. அப்படியென்றால் கோளாறு போர்டு பக்கம்தான்.

கேபிள்களைப் போட்டோ எடுப்பது, கையில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டுவது எல்லாம் தெரிந்த கதை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சர்வரை ஷட்டவுன் செய்தாலும், ஒயர் செருகியிருக்கும் வரை பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் தனிச் சிப்) விழித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் இரண்டு பவர் சப்ளை ஒயரையும் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, போர்டிலுள்ள ஸ்டாண்ட்பை விளக்கு அணைந்த பிறகே கை வைத்தேன்.

ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்ற, நட்சத்திர முனையுள்ள டி30 டார்க்ஸ் பிட். மேலே ஒட்டியிருக்கும், ஸ்க்ரூக்களை இறுக்குவதற்கான எண் வரிசையை அப்படியே தலைகீழாகப் போனால் போதும். இதில் ப்ராசஸரும் ஹீட்சிங்கோடு சேர்ந்தே மேலே வரும். சாக்கெட்டின் 3647 பின்களும் திறந்து கிடக்கும், உடனே பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிட வேண்டும். அந்த மூடி இல்லாமலே பழைய போர்டு அனுப்புகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். பின் வளைந்து வந்தால் நாம்தான் வளைத்தோம் என்பார்கள். மூடியோடு எடுத்த படம் கேட்காமல் நான் பணம் கட்டுவதே இல்லை.

சரி, வம்பு அதற்கப்புறம்தான். எல்லா ஸ்க்ரூவும் வெளியே, போர்டு மட்டும் அசையவில்லை. இந்த மாடலில் போர்டின் அடித்தகட்டில் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் ஓட்டைகள் உண்டு. பெட்டியிலுள்ள தலை பருத்த முளைகள் அந்தக் குறுகிய முனையில் மாட்டியிருக்கும். அதனால் தூக்கினால் வராது. ஸ்பிரிங் வைத்த பின்னை மேலே இழுத்தபடி, ஃபேன் பக்கமாகத் தள்ள வேண்டும். ஃபேன் வரிசையை முன்பே எடுத்திருந்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

அதற்கும் நகரவில்லையென்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். பவர் சப்ளையின் தொடுமுனைகள் நேராகப் போர்டில் செருகியிருக்கும், ஒயரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, சப்ளையையே பின்னால் இழுத்துவிட வேண்டும். அடுத்தது, பின்சுவரில் லேன், யூஎஸ்பி வாய்களைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு நாக்குகள். அவை அந்த வாய்களை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் முன்னால் வந்தால் இன்னும் இறுகும். போர்டின் அடித்தகட்டின் இரு ஓரத்தையும் பிடித்துச் சமமாகத் தள்ளியதும் டக்கென்று விட்டது. கை என்னவோ ராம் ஸ்லாட்டைப் பிடிக்கத்தான் போகும், அதைப் பிடித்துத் தள்ளாதீர்கள். அந்த வாய்கள் தகட்டிலிருந்து முழுதாக விலகிய பிறகு முன்விளிம்பைச் சற்றுத் தூக்கி எடுத்தேன்.

மாற்று போர்டு மேசையில் காத்திருக்கிறது. என்னுடையவை 2019இல் வந்த இரண்டாம் தலைமுறை ஸியான் ப்ராசஸர்கள். மாற்று போர்டின் பயாஸ் (போர்டை இயக்கத் தொடங்கும் மென்பொருள்) பழசாக இருந்தால் அவற்றை ஏற்காது, முதலில் ஒரு முதல் தலைமுறை சிப்பைப் போட்டு அப்டேட் செய்ய வேண்டியிருக்கலாம். டிஸ்க் என்கிரிப்ஷன் பழைய போர்டின் டிபிஎம்மோடு (சாவிகளைப் பாதுகாக்கும் சிப்) பிணைந்தது என்பதால் ரெக்கவரி கீயைத் தனியே எடுத்துவைத்திருக்கிறேன்.

அதற்கு முன் கழற்றிய போர்டின் சாக்கெட்டை லென்ஸ் வைத்துப் பார்க்கப்போகிறேன். வளைந்த பின் ஒன்றே ஒரு சேனலை முடக்கிவிடும். அதுதான் காரணமாக இருந்து, ஊசி முனையால் நிமிர்த்தவும் முடிந்தால், மாற்று போர்டைத் திருப்பி அனுப்பிவிடலாம்.