அம்மிச்சி ஒட்டுப்போட்ட படங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் பிடிக்காமல் யூடியூபில் ஒரு பழைய பாம்புப் படத்தைத் தேடிப் பிடித்தேன். தெலுங்கில் எடுத்துத் தமிழில் டப்பிங் செய்தது. பெயரைச் சொல்லவில்லை, அதில் உழைத்தவர்கள் யாராவது இன்னும் இருப்பார்கள், அவர்கள் மனசு நோக வேண்டாம். 1989இல், ஐந்தாவது முழுப்பரீட்சை லீவில், அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் ஊருக்குப் பக்கத்துக் கொட்டாயில் பார்த்த படம். அதில் ஒரு காட்சி எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது. ஜோடியைக் கொன்றவனைப் பழிவாங்க நாகப்பாம்பு அவன் வீட்டுக்குள் நுழைகிறது, தொட்டிலில் அவன் குழந்தையைப் பார்க்கிறது, கொத்த மனசு வராமல் திரும்பிப் போய்க் கிணற்று மேட்டில் சுருண்டு படுத்து விடிய விடிய அழுகிறது.

படம் முழுக்கப் பார்த்தேன். அப்புறம் மறுபடி ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அந்தக் காட்சி அதில் இல்லவே இல்லை.

அம்மிச்சி ஊர் காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வாசலில் நின்றால் ஊதியூர் மலை தெரியும். சுற்றிலும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, கிளுவை வேலி, வெள்ளவேல மரம், மரத்தடியில் நாலு எருமை, அவ்வளவுதான். பரீட்சை முடிந்த அன்றைக்கே பெரியம்மா பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், நாங்கள் என்று ஏழெட்டுப் பேர் ஒட்டுக்காக வந்து சேர்ந்துவிடுவோம். ஊரில் சினிமா கிடையாது. இரண்டு பக்கமும் வேலி ஓடுகிற இட்டேரி வழியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பக்கத்து ஊரில் ஒரு டெண்ட் கொட்டாய் இருந்தது. பொழுதோட பால் பீய்ச்சி சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, ராகிக் களியோ சோறோ வட்டலில் போட்டதை அவசரமாக உருட்டி முழுங்கிவிட்டுக் கிளம்புவோம். முன்னால் பேட்டரி லைட்டோடு மாமா, கடைசியில் அம்மிச்சி, நடுவில் நாங்கள். இட்டேரியில் பாம்பு கிடக்கும் என்று அம்மிச்சி கையில் ஒரு தடியைத் தட்டிக்கொண்டே வருவார்.

கொட்டாய்க்காரர் கம்பத்தில் கட்டிய குழாயில் பாட்டுப் போடுவார். மருதமலை முருகன் மேல் மதுரை சோமு பாடியது ஒன்று உண்டே, கோயமுத்தூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதுதான் கடைசிப் பாட்டு. அது ஆரம்பித்துவிட்டால் மாமா நடையை எட்டிப் போடுவார், நாங்கள் ஓடுவோம். பாட்டு நின்றது என்றால் படம் போட்டாச்சு. "ஓடாதீங்க சாமி, பேரு போடறப்பத்தான் போய்ச் சேருவோம், பேரையா படிக்கப் போறீங்க" என்று பின்னாலிருந்து அம்மிச்சி குரல் வரும்.

இந்த டெண்ட் சினிமாவே எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் நடந்து நடந்து பரப்பியது என்று பெரியவனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அதைப் படித்த நாளில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் அடித்த முளைக்குச்சியின் தொடர்ச்சியில்தான் நாங்களும் மணலில் உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றியது.

அந்த மணலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நடுவில் இடுப்புயரச் சுவர், இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நாங்கள் பொடிசுகள் எல்லாம் அம்மிச்சியோடு பெண்கள் பக்கம். மணலைக் கூட்டி மேடு கட்டி அதன்மேல் உட்காருவோம், பின்னால் இருக்கிற அக்கா மறைக்கிறது என்று சொல்லிக் காலால் தட்டிக் கலைத்துவிடுவார், மறுபடி கட்டுவோம். படம் சுவாரசியமில்லாமல் போகும்போது மேடு பெரிதாகும். ஒரே ஒரு புரொஜெக்டர்தான். அதனால் ரீல் தீர்ந்தால் நிறுத்தி, லைட்டைப் போட்டு, அடுத்ததை மாட்டி ஓட்ட வேண்டும், ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை வந்துவிடும். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் எரிகிற வெளிச்சத்தில்தான் படமே தெரியும். குச்சி தேய்ந்து இடைவெளி அதிகமானால் திரை மங்கும், ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் பறக்கும், ஆப்பரேட்டர் குச்சியை நெருக்கி வைத்ததும் பளிச்சென்று எல்லோர் முகமும் தெரியும்.

சரி, மோசமான படங்களாகவே ஏன் வந்தன? புதுப்படம் முதலில் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூரில் ஓடும். அங்கே முடிந்து தாராபுரம், காங்கயம் மாதிரி ஊர்களுக்கு வரும். அதுவும் முடிந்து பெட்டி நசுங்கி, பிலிம் கீறல் விழுந்து, அங்கங்கே அறுந்து ஒட்டுப்போட்டு, ஆட்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துத் தீர்த்த பிறகுதான் சி சென்டர் என்கிற எங்கள் கொட்டாய்க்கு வரும். நல்லா ஓடின படத்துக்கு அப்போதும் வாடகை அதிகம். தரை டிக்கெட்டை நம்பிக் கொட்டாய் நடத்துகிறவர் அதைக் கட்டுப்படி ஆகிற அளவுக்கு எத்தனை தடவை போட முடியும்? மற்ற நாளெல்லாம் எது மலிவோ அது. டப்பிங் அம்மன் படம், பாம்புப் படம், எங்கேயும் மூன்று நாள்கூட ஓடாத பழிவாங்கும் படம், முகத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிற பேய்ப் படம். வாயசைவு முடிந்து ஒரு நொடி கழித்துத்தான் வசனம் முடியும். பேய்க்குக் கையில் வாட்ச் இருக்கும். பெரிய மாமா பையன்தான் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னான். அதற்கப்புறம் பயமே போய், பேய் வரும்போதெல்லாம் மணி என்ன என்று எழுந்து பார்க்கப் போட்டி.

இதற்கு நடுவில் ஒரு மாட்டுப் படம். விலங்குகளை வைத்துப் படம் எடுப்பதில் எங்கள் சீமைக்கு ஒரு பெருமையே உண்டு. கோயமுத்தூர் ராமநாதபுரத்துக்காரர் சாண்டோ சின்னப்பா தேவர் யானை, பாம்பு, காளை எல்லாவற்றையும் நடிக்க வைத்தவர், 1971இல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் எடுத்த யானைப் படம் நாடு முழுக்க ஓடியது. அவருக்கு மிருகங்களோடு பழக்கம் இருந்தது, திரையில் பார்த்தாலே அது தெரியும். அவர் 1978இல் போய்விட்டார். அப்புறம் அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு வந்த படங்களில் ஒன்றுதான் நாங்கள் பார்த்தது. கதாநாயகனின் காளை வில்லனின் ஆட்களை விரட்டிக்கொண்டு ஓடுகிறது. கொட்டாயே கத்துகிறது. அம்மிச்சி மட்டும் என் தோளைத் தொட்டார்.

"கண்ணு, நல்லாப் பாரு. முன்ன ஓடுனது மயிலை. இப்ப வர்றது செவலை."

எனக்குப் புரியவில்லை. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதம் ஆனால் நிறம் மாறி மயிலை என்கிற சாம்பல் நிறமாகும். அது அம்மிச்சிக்கு மூச்சு விடுகிற மாதிரித் தெரிந்த விஷயம். "செவலைக் கன்னு வளந்து மயிலையாகும். மயிலை எப்படிச் சாமி திரும்பச் செவலையாகும்?" என்றார். ஒரு மாடு கிடைக்காமல் இன்னொன்றைப் பிடித்து ஓட்டியிருக்கிறார்கள். மாடு தெரியாதவன் எடுத்த படம்.

ஆனால் அம்மிச்சி அதை அங்கேயே விட்டுவிடவில்லை. நான் இத்தனையும் எழுத உட்கார்ந்தது அதைச் சொல்லத்தான்.

மறுநாள் மத்தியானம் திண்ணையில் ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை உரிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். நடுவில் கடலைக்காய் குவியல், சுற்றி எட்டுப் பத்துப் பேர், தரையில் தட்டி உடைக்கிற சத்தம். வந்தவர்களில் பாதிப் பேர் படம் பார்க்காதவர்கள். "நேத்து என்ன படமுங்க ஆத்தா?" என்று யாராவது கேட்பார்கள். அம்மிச்சி சொல்ல ஆரம்பிப்பார். நாங்கள் கேட்டுக்கொண்டே உரிப்போம், சம்பளம் இல்லாத வேலைக்காரர்கள் நாங்கள்தான், ஆனால் அந்தக் கதைக்காக இன்னும் இரண்டு மூட்டை உரிக்கச் சொன்னாலும் உரித்திருப்போம். அம்மிச்சி சொன்னது நாங்கள் பார்த்த படம் இல்லை. "மொதல் மாடு வில்லன் ஊட்டுக் கெணத்துல உழுந்து செத்துப் போச்சு. பொறவு வந்தது அதோட தம்பி. அண்ணனுக்காக வந்துருக்குது" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்கப்புறம் படத்தில் ஒட்டாமல் நின்ற ஒவ்வொன்றும் இடத்தில் போய் உட்கார்ந்தது. கடைசியில் காளை வில்லனைத் துரத்திக்கொண்டு கிணற்றுப் பக்கமே ஓடியதற்குக்கூட இப்போது காரணம் இருந்தது.

ஒரு ரீல் அறுந்துபோய் ஆப்பரேட்டர் தாண்டிவிட்டுப் போட்டால் அந்த இடம் அம்மிச்சியுடையது. அக்கா தங்கச்சி திடீரென்று பேசாமல் இருந்தால் ஏன் என்று அம்மிச்சிக்குத் தெரியும், சொத்துப் பிரித்ததில் மனசு கோணலாகிவிட்டது என்பார். கோர்ட்டு சீனில் அழுத அம்மாவுக்கு ஊரில் யாரோ ஒருத்தி முகம் கொடுத்துவிடுவார். பெண்கள் குறுக்கே கேட்பார்கள், "அந்தப் புள்ளைக்கு மாமன் இல்லீங்களா?" "இருந்தான், திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்." அது எந்தப் படத்திலும் இல்லை. அந்த வருசம் எங்கள் ஊரிலிருந்து நாலைந்து பேர் திருப்பூருக்குப் போயிருந்தார்கள்.

நல்ல படம் வராமல் இல்லை. வந்தால் எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்து, அழுது, இட்டேரியில் பேசாமல் நடந்து வந்து படுத்துவிடுவோம். அடுத்த நாள் கேட்டால் "நல்லா இருந்துது" என்று அம்மிச்சி இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். எடுத்தவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், அதில் அம்மிச்சிக்குச் செய்ய என்ன மிச்சம்? மோசமான படத்தில்தான் ஓட்டை நிறைய. அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் ஊர், எங்கள் மாடு, எங்கள் கிணறு எல்லாம் உள்ளே போனது.

அப்புறம் வீடியோ கேசட் ஓட்டுகிற டெக் வந்தது. மாரியம்மன் நோம்பிக்கு ஊரில் காசு வசூலித்துக் காங்கயத்திலிருந்து கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள், விடிய விடிய மூன்று படம். முதலாவது ஊர் கேட்ட படம், மற்ற இரண்டும் கேசட் கடைக்காரர் கொடுத்தனுப்புவது. மூன்றாவது படத்துக்கு எல்லோரும் கோயில் வாசலிலேயே தூங்கிவிடுவார்கள். அம்மிச்சி விழித்திருந்து பார்த்து மறுநாள் சொல்வார். ஒரு தடவை சீனச் சண்டைப் படம், தமிழ் டப்பிங்கூட இல்லை. அதற்கும் கதை சொன்னார்.

1993இல் சன் டிவி, கொஞ்ச நாளில் கேபிள். கொட்டாயைப் பிரித்த தேதி யாருக்கும் நினைவில்லை, ஒரு லீவுக்குப் போனபோது இல்லை. இப்போது அந்த இடம் தேங்காய்க் களம், பருப்பு காய்கிறது. அம்மிச்சி போய்ப் பதினெட்டு வருசம் ஆகிறது.

அந்த ராத்திரி யூடியூப் படத்தில் நான் தேடிய இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? பாம்பு தொட்டிலைப் பார்க்கிறது. உடனே வெட்டி வேறொரு ஊரில் பத்து நிமிசம் காமெடி. திரும்பி வந்தால் பாம்பு எங்கோ காட்டில் இருக்கிறது. ஏன் கொத்தாமல் போனது என்று கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

விடிந்ததும் ஈரோட்டில் இருக்கும் பெரியம்மா மகளுக்குப் போன் போட்டேன். அவரும் அன்றைக்கு என் பக்கத்தில் மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தவர்தான்.

"ஏனுங்க்கா, அந்தப் பாம்புப் படம் ஞாபகம் இருக்குதுங்களா? கிணத்து மேட்டுல படுத்து அழுவுமே?"

"ஏன் இல்லாம? பூவரச மரத்தடியில. அம்மிச்சி தோட்டத்துக் கெணறுதானே அது."

"படத்துல அந்த சீனே இல்லீங்க்கா. நேத்துப் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "போடா, நீ பார்த்தது வேற படமா இருக்கும்" என்றார். "விடியக்காலைல ஒரு பொம்பள தண்ணி சேந்த வந்து, அழுதுட்டு இருந்த பாம்புக்கு வட்டல்ல பால் வெச்சுட்டுப் போவாளே, அதுவுமா இல்ல?"

பால் வைத்தது எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கு உரிக்கிற இடத்திலேயே தூங்கியிருக்க வேண்டும்.

"எனக்கு அது தெரியாதுங்க்கா, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். அக்கா ஆரம்பித்தார்.