பிக் டாடியின் முதுகில்

நமீபியாவின் நமீப் பாலைவனத்தில், பூங்கா எல்லைக்குள் இருக்கும் செஸ்ரியம் முகாமில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வெளியே தங்குபவர்களுக்குச் சூரியன் உதிக்கும்போதுதான் கேட் திறக்கும். எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே. பிக் டாடி என்ற மணற்குன்றில் ஏற வந்த நாங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அங்கே கூடாரம் போட்டோம். வெயில் ஏறின பிறகு மணற்குன்று ஏறுவது எப்படிப்பட்ட முட்டாள்தனம் என்பதை முந்தின நாளே டூன் 45 என்ற குன்றில் தெரிந்துகொண்டிருந்தோம். (செஸ்ரியத்திலிருந்து 45-வது கிலோமீட்டரில் இருப்பதால் அந்தப் பெயர். பெயர் வைக்க அதற்கு மேல் யாரும் மெனக்கெடவில்லை.)

முகாமிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தார் ரோடு. கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல். டயரில் காற்றைக் குறைக்காமல் இறக்கிவிட்டேன். 200 மீட்டர்கூடப் போயிருக்காது, சக்கரம் புதைந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு சுற்றுலா வண்டியின் ஓட்டுநர் இறங்கி வந்தார். ஒன்றும் பேசாமல் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, எடுங்கள் என்று கையைக் காட்டினார். வண்டி சமர்த்தாக வெளியே வந்தது.

பிக் டாடி 300 மீட்டருக்கு மேல். உலகிலேயே உயரமானது இதுவா என்றால் இல்லை. சீனாவின் பதாயின் ஜாரன் பாலைவனத்தில் 400 மீட்டரைத் தாண்டியவை இருக்கின்றன. அடியிலிருந்து அளந்தார்களா, கடல் மட்டத்திலிருந்தா என்பதைப் பொறுத்து இந்தப் பட்டியலே மாறும். ஏறுகிறவனுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்குகிறது, அவ்வளவுதான் கணக்கு.

ஏறும் வழி முகட்டின் மேலேதான். இடது பக்கம் செக்கச் செவேல் என்று வெயில், வலது பக்கம் இன்னும் இருட்டு. நடுவில் ஒரு பாதம் வைக்கும் அளவுக்குக் கூர்மையான விளிம்பு. முன்னால் யாராவது போயிருந்தால் அவர் மிதித்து இறுகிய தடத்திலேயே காலை வைத்துப் போகலாம். அன்று எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. சீக்கிரம் கிளம்பியதற்குத் தண்டனை!

பாதி வழியில் உட்கார்ந்துவிட்டோம். நண்பர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மணலில் இழுத்தார். கருப்பாகப் பொடிப்பொடியாய் ஒட்டிக்கொண்டு வந்தது, இரும்புத் தாது. மணலின் சிவப்பும் இரும்பு துருவேறிய நிறம்தான். கடலோரத்தில் வெளிறி இருக்கும் மணல், உள்ளே வர வரச் சிவக்கிறது. அவ்வளவு காலமாக இங்கே கிடக்கிறது என்று பொருள். ஆரஞ்சு ஆறு அட்லாண்டிக்கில் கொண்டுபோய்க் கொட்டியதைக் கடல் வடக்கே தள்ள, காற்று உள்ளே அள்ளி வந்தது. இந்தப் பக்கம் காற்று ஒரே திசையிலிருந்து வீசுவதில்லை. அதனால் குன்று நகர்ந்து போகாமல், நாலாபுறமும் கை நீட்டிய நட்சத்திரம் மாதிரி நின்ற இடத்திலேயே உயர்கிறது.

உச்சியில் பத்து நிமிடம். பிறகு செங்குத்தான பக்கமாகக் கீழே ஓட்டம். ஏற இரண்டு மணி நேரம், இறங்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முழங்கால் வரை மணல் கூடவே வழிந்து வந்தது.

ஓடி நின்ற இடம் டெட்விலேய். வெள்ளைக் களிமண் தரை, கரிக்கட்டை போல நிற்கும் முள்மரங்கள். முன்பு சௌசாப் ஆற்று வெள்ளம் இங்கே வரும். மணல் வழியை அடைத்ததும் மரங்கள் செத்துப்போயின, 600, 700 ஆண்டுகளுக்கு முன். அழுகக்கூட ஈரம் இல்லாததால் அப்படியே நிற்கின்றன. ஒன்றின் அருகே போனேன். தொடவில்லை, தொடவும் கூடாது.

வண்டிக்குத் திரும்பி ஷூவைக் கவிழ்த்தேன். ஒரு கைப்பிடி மணல் கூம்பாகக் குவிந்தது. மேலே இன்னும் கொஞ்சம் கொட்டினேன். கூம்பு செங்குத்தாகவில்லை, ஒரு பக்கம் சரிந்து, பழைய சாய்வுக்கே வந்து நின்றது. சற்று முன் நான் ஓடி இறங்கிய சாய்வு அதேதான். இன்னொரு ஷூவையும் கழற்றினேன்.