நாலு கிருஷ்ணன், ஒரே ரெஜிஸ்டர்

மலர் போடற தம்பிங்களா, உங்க மலருக்கு எங்க ஸ்கூல் கதை ஒண்ணு. 1967, மலேசியாவுல பினாங்கு, பார்ம் டூ (எட்டாம் வகுப்பு மாதிரி). எங்க வகுப்புல மட்டும் நாலு கிருஷ்ணன். கோபாலகிருஷ்ணன், ராதாகிருஷ்ணன்னு பெத்தவங்க ஆசையா வச்சதெல்லாம் தோட்டத்துக் கிராணி (கிளார்க்கு) சூராட்ல, அதாவது பிறப்புப் பத்திரத்துல, எழுதறப்ப சுருங்கி வெறும் கிருஷ்ணனா ஆயிடும், அதுலயும் ரெண்டு பேருக்கு அப்பா பேரும் ஒண்ணு, அதனால ஆனாக் லெலாகி, அதாவது 'இன்னார் மகன்'னு போட்டுக் கூப்பிட்டாலும் ரெண்டு பேரு சேர்ந்துதான் எந்திரிப்பானுங்க. இங்கிலீஷ் வாத்தியாருங்க கிருஷ்ணன் ஒன், கிருஷ்ணன் டூன்னு நம்பர் போட்டு ஓட்டுனாங்க. ஸ்கூல் முடிஞ்சு பி.ஓ.எல்.ங்கற தாய்மொழி வகுப்புக்கு வர்ற தமிழ் சாருக்கு அது சுத்தமா புடிக்கல, "நீங்க என்ன பஸ்ஸாடா, நம்பர் போட்டுக் கூப்பிட?"ன்னுட்டு ஆளுக்கு ஒரு பட்டப்பேரு வச்சாரு.

மொத ஆளு டென்னிஸ் கிருஷ்ணன். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் செமிபைனல் வரைக்கும் போனவரு, 61-ல எமர்சனையே ஜெயிச்சுட்டு லேவர்கிட்ட தோத்தாரு. 66 டிசம்பர்ல இந்தியா டேவிஸ் கப் பைனல் ஆடி அந்தச் சூடு இன்னும் ஆறாத நேரம் அது. இந்தப் பேரு யாருக்குப் போச்சுன்னா, திடல்ல ஒரு ரவுண்டு ஓடச் சொன்னா பாதியில உக்காந்துக்கற எங்க குண்டனுக்கு.

ரெண்டாவது பிடில் கிருஷ்ணன். டி.என். கிருஷ்ணன் அரியக்குடி, செம்மங்குடி மாதிரி பெரியவங்களுக்கெல்லாம் வாசிச்சவரு, பின்னாடி 1980-ல சங்கீத கலாநிதி வாங்குனாரு. நம்மாளு வயலினைத் தொட்டதே இல்ல, ஆனா பெரியவனானதும் தைப்பூசத்துக்கு வாட்டர்ஃபால் ரோட்டுல உருமி அடிச்சான் பாருங்க, அது வேற லெவல். (நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனை சார் ஏன் விட்டாருன்னு எனக்கு இன்னைக்கும் புரியல. அப்புறம் கேசட் வந்த காலத்துல இங்க அந்த நாதஸ்வரம் ஓடாத கல்யாணம் எது?)

மூணாவது கலைவாணர். என்.எஸ்.கே. சின்ன வயசுல நாகர்கோவில்ல டென்னிஸ் கோர்ட்ல பந்து பொறுக்கிப் போட்டு, நாடகக் கொட்டகையில தின்பண்டம் வித்து, அப்புறம்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில நடிகரானாருன்னு சார் சொல்லப் போக, அன்னைலேர்ந்து குண்டன் நம்ம கலைவாணரை பந்து எடுக்க விரட்டிக்கிட்டே இருந்தான். நாலு பேர்ல பேரு பொருந்துனது இவனுக்குத்தான். ஸ்கூல் கான்சர்ட்ல வசனம் மறந்துட்டு மேடையிலயே "சார், அடுத்தது என்ன?"ன்னு கேட்டான், அதுக்குத்தான் அன்னைக்கு மொத்த ஹாலும் கை தட்டுச்சு.

மிச்சம் நான். எனக்கு வத்ராப்பு கிருஷ்ணன். விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன் வத்ராப்புன்னு சொல்ற வத்திராயிருப்புல 1898-ல பொறந்தவரு, 1928-ல சர் சி.வி. ராமன், ராமன் விளைவுங்கற புது வகை ஒளிச்சிதறலைக் கண்டுபிடிச்சப்ப கூடவே இருந்து உழைச்சவரு, டாக்கா, அலகாபாத்னு பாடம் நடத்திட்டு டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு மொத டைரக்டரா போனவரு. நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்தான் வந்துச்சு. மத்தவனுங்களுக்கு டென்னிஸு, பிடிலுன்னு சோக்கா இருக்க எனக்கு மட்டும் வாயில நுழையாத ஊரு பேரான்னு ரொம்ப நாள் கடுப்பு. பசங்க அதையும் வத்தலாக்கி, அப்புறம் வத்தல் குழம்பாக்கி விட்டானுங்க. பட்டர்வொர்த் துறைமுகத்துல கிளார்க்கா இருந்த காலத்துலயும் அந்தப் பேரு என்னை விடல.

சார் தெறமை பாத்துப் பேரு வைக்கல, ரெஜிஸ்டர் வரிசையில மேலேர்ந்து கீழ வச்சாரு, அவ்வளவுதான். கோலாலம்பூர் ரெட்டைக் கோபுரத் திட்டத்துக்குப் பின்னாடி இருந்த பெரும்பணக்காரர் ஆனந்தகிருஷ்ணன் அந்த ஊரு பிரிக்ஃபீல்ட்ஸ் பையன், அவரு பேரு அப்பவே தெரிஞ்சிருந்தா கோடீஸ்வரன் பட்டத்துக்கு நாலு பேரும் சட்டையைப் புடிச்சிருப்போம்.

குண்டன் இப்ப மெல்பர்ன்ல, உங்க மலர் கமிட்டியிலதான் இருக்கான். மகளைப் பாக்க நான் அங்க வந்தப்ப கூயோங் டென்னிஸ் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போயி, 66 பைனல் இங்கதான்டா நடந்துச்சு, தோத்தாலும் டபுள்ஸ்ல கிருஷ்ணனும் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் ஜோடியைக் கவுத்தாங்கன்னு ஏதோ தானே ஆடுன மாதிரி சொல்லிக்கிட்டே வந்தான், நடந்ததுக்கு மூச்சு வாங்குது, பேச்சு மட்டும் நிக்கல.

தம்பிங்களா, கூட ஒரு குரூப் போட்டோ அனுப்பியிருக்கேன். இடதுலேர்ந்து கிருஷ்ணன், கிருஷ்ணன், கிருஷ்ணன், கிருஷ்ணன்னு போட்டுடாதீங்க, பட்டப்பேரோட போடுங்க. என்னுது வத்ராப்பு, வத்தல் இல்ல.