பாட்டு எடுபட்ட பிறகு

என் நான்காவது பாட்டுதான் எடுபட்டது. முதல் மூன்றும் வந்த சுவடு தெரியவில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குக் காசும் இல்லை. ஆகவே நான்காவதில் முன்னிசையை வெட்டிவிட்டு, எடுத்த எடுப்பில் பல்லவிக்குப் போனேன். கூட இசையமைத்த நண்பனுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பல்லவியில் 15 வினாடித் துண்டு ஒன்று கைப்பேசிகளில் பரவியது. ஒருநாள் லிஃப்டில் பக்கத்தில் நின்ற பெண் அதை முணுமுணுத்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. சொல்லவும் கூச்சம்.

அடுத்த மாதமே ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது. முன்பணத் தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடவே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, வழக்கறிஞர் தடுத்தார். முன்பணம் என் ராயல்டியிலிருந்து கழியும். வீடியோ எடுக்கும் செலவும் அதே கணக்கில் ஏறும். அதைவிடப் பெரியது மாஸ்டர், அதாவது பாட்டின் மூல ஒலிப்பதிவு. வரியும் மெட்டும் ஓர் உரிமை, பதிவான ஒலி இன்னோர் உரிமை. இரண்டாவதைக் காலம் முழுக்கக் கேட்டிருந்தார்கள். 2021இல் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் 'ஃபியர்லெஸ்' ஆல்பத்தை மறுபடி பாடி வெளியிட்டபோது வீம்பு என்று நினைத்தவள் நான். அவருடைய பழைய பதிவுகள் பிறர் கைக்குப் போயிருந்தன. பாடல்களை எழுதியதில் பங்கு இருந்ததால் அவரால் அது முடிந்தது. என் ஒப்பந்தத்தில் மறுபதிவுக்கும் தடை எழுதியிருந்தது.

முன்பணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மாஸ்டரை 7 ஆண்டு உரிமமாக மட்டும் கொடுத்தேன்.

உண்மையில் திணறியது நண்பனோடுதான். யார் எவ்வளவு எழுதினோம் என்ற பங்கீட்டுத் தாளை நாங்கள் எழுதவே இல்லை. பாட்டு வெளிவரும் முன் 5 நிமிட வேலை. எடுபட்ட பிறகு 3 மாதம் இழுத்தது. அந்தப் பல்லவி அவன் சும்மா முனகியதிலிருந்து பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது. பாதிக்குப் பாதி என்று முடிந்தது.

முதல் கணக்கு அறிக்கையில் என் பெயருக்கு எதிரே கழித்தல் குறிதான் இருந்தது. அதே வாரம் முதல் பெரிய மேடை. பல்லவி வந்ததும் அரங்கமே சேர்ந்து பாடியது. 15 வினாடி முடிந்ததும் கப்பென்று அமைதி. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கீபோர்டிலிருந்து நண்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சரணத்தை நான் தனியாகப் பாடினேன்.