பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்

இலங்கைப் பயணத்தில், அந்நாட்டின் பழைய தலைநகரங்களில் ஒன்றான பொலன்னறுவைக்கு அரை நாள் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். போய்ச் சேர்ந்ததும் அது முழு நாளாகிவிட்டது. காரணம் ஒரு கல்வெட்டு.

ஊரின் நடுவே தலதா மலுவ என்னும் உயர்ந்த மேடை. புத்தரின் புனிதப் பல்லான தந்ததாதுவை வைத்துக் காத்த கோவில்கள் இங்கேதான் இருந்தன. வட்டதாகே என்னும் வட்டவடிவக் கோவிலின் படிகளையும், நிசங்கமல்லன் என்ற மன்னன் தன் புகழைப் பொறித்துவைத்த கல்பொத்த என்னும் பெரிய கற்புத்தகத்தையும் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். தந்ததாதுக் கோவில்களில் ஒன்றான அட்டதாகேயின் பக்கத்தில் நிற்கும் கற்பலகையை நானும் கடந்துதான் போனேன். அப்புறம் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தால், தமிழ் எழுத்து! இடையிடையே வடமொழிச் சொற்களை எழுதும் கிரந்த எழுத்து. எழுத்துக்கூட்டிச் சில சொற்களைப் படிக்க முடிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

வேளைக்காரர் கல்வெட்டு என்று இதற்குப் பெயர். வேளைக்காரர்கள் சிங்கள மன்னர்களிடம் பணியாற்றிய தமிழ்ப் படைவீரர்கள். சோழர்களை விரட்டி 1070-இல் நாட்டை மீட்ட முதலாம் விஜயபாகு இங்கே தந்ததாதுவுக்குக் கோவில் எழுப்பினான். அவன் காலத்துக்குப் பிறகு அந்தக் கோவிலைக் காக்கும் பொறுப்பை இந்தப் படையிடம் ஒப்படைத்தார்கள். கோவிலுக்கே 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயரிட்டு, தாங்கள் அழிந்தாலும் அதைக் காப்போம் என்று வீரர்கள் உறுதி கொடுத்திருக்கிறார்கள். வலங்கை, இடங்கை என்ற படைப்பிரிவுப் பெயர்களெல்லாம் அதில் வருகின்றன. ஒருகாலத்தில் இதே விஜயபாகுவை எதிர்த்துக் கிளர்ந்தவர்களும் வேளைக்காரர்கள்தான். காரணம், சோழர்மேல் படையெடுக்கச் சொன்னது. அவர்களிடமே சிங்கள மன்னர்கள் பெரிதாகப் போற்றிய பொருளை ஒப்படைத்தார்கள் என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றேன்.

வட்டதாகேயின் வாசலில் உள்ள சந்திரவட்டக்கல் என்னும் அரைவட்டச் செதுக்குக் கல்லையும் குனிந்து பாருங்கள். இதற்கு முந்தைய தலைநகரான அநுராதபுரத்துக் கற்களில் யானை, குதிரை, சிங்கத்தோடு காளையும் வரும். இங்கே காளை இல்லை. சைவர்கள் வணங்கும் நந்தியைக் காலில் மிதிக்கக் கூடாது என்பதால் விட்டுவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

இங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கருங்கல் என் பாதத்தைப் பொசுக்கிவிட்டது. ஒரு ஜோடி சாக்ஸ் கட்டாயம் எடுத்துப் போங்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. இடங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் வாடகை சைக்கிள்தான் வசதி. அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பது நல்லது. இடிபாடுகள் முழுதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அங்கே மாதிரிகள் உண்டு. இங்கு கிடைத்த நடராசர் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன.

வடக்கே கல் விகாரை. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய நான்கு சிலைகள். சாய்ந்திருக்கும் புத்தர் சுமார் 14 மீட்டர். தலை அழுந்திய இடத்தில் தலையணை லேசாக உள்வாங்கியிருக்கிறது. கல் என்பதே மறந்துபோகிறது. இடது பாதம் வலது பாதத்திலிருந்து சற்றே பின்வாங்கியிருப்பது பரிநிர்வாணத்தின், அதாவது புத்தரின் இறுதி மறைவின், அடையாளம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தபோது அந்த முகம் வேறாகத் தெரிந்தது.

மாலையில் இரண்டாம் சிவ தேவாலயத்துக்கு வந்தேன். ராஜராஜன் காலத்தில் அநுராதபுரம் வீழ்ந்தபின், சோழர்கள் இந்த ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்துத் தலைநகராக்கினார்கள். அப்போது கட்டிய வானவன்மாதேவீச்சரம் இது. சுற்றியுள்ள செங்கல் மாளிகைகளெல்லாம் சரிந்து கிடக்க, முழுக்கக் கல்லால் ஆன இந்தச் சின்னக் கோவில் மட்டும் கூரையோடு நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள். இருட்டான கருவறையில் லிங்கம். அதன் முன்னே யாரோ ஏற்றிவைத்த விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.