பத்துத்தூண் சந்தில் ஒரு துளை

மதுரையில் விளக்குத்தூணுக்கும் பத்துத்தூணுக்கும் இடையில், ஜவுளிக்கடைகளின் நெரிசலுக்குள் ஒடுங்கிக் கிடந்த எங்கள் தாத்தாவின் வீட்டை இடிப்பதற்கு முன், அதன் முன்னறையில் நான்கு நாள்கள் ஒரு நிறுவல் கலைப் படைப்பை, அதாவது அந்த இடத்தையே படைப்பாக்கும் ஒன்றை, வைத்திருந்தேன். வீட்டில் எவரும் அதைக் கலை என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாமான்களையெல்லாம் ஏற்றி அனுப்பிய பிறகு, சுவரில் ஒன்பது நீள்சதுரங்கள் எஞ்சியிருந்தன. சாம்பிராணிப் புகையும் தெருத் தூசியும் சுவரைப் பழுப்பாக்கியிருக்க, கண்ணாடி போட்ட படங்கள் தொங்கிய இடங்களில் மட்டும் சுண்ணாம்பு பழைய வெளுப்போடு இருந்தது. தாத்தாவின் படம் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. அது இருந்த இடம் எங்களிடமே தங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக மெதுவாகப் பதிவாகிக்கொண்டிருந்த ஒரு படம் என்றே அந்தச் சுவரை நான் பார்க்கத் தொடங்கினேன்.

எனவே அறையையே கேமராவாக்கினேன். சன்னலை அட்டையாலும் கறுப்புத் துணியாலும் அடைத்து, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டேன். ஒளி நேர்கோட்டில் செல்வதால், தெருவின் மேற்பகுதியிலிருந்து வரும் ஒளி துளை வழியாகச் சுவரின் கீழ்ப்பகுதியில் விழும். கீழிருந்து வருவது மேலே ஏறும். வானம் தரையோரத்தில் கிடக்க, கடைப் பலகைகளும் மனிதர்களும் தலைகீழாக உத்தரத்தின் அடியில் ஊர்ந்தார்கள். ஒவ்வொரு வெளுப்பின் மேலும் அதே அளவில் வெட்டிய, ஒளி பட்டால் பதியும் புரோமைடு தாளைச் சிவப்பு விளக்கில் ஒட்டி, துளையைத் திறந்து ஏழு நிமிடம் விட்டு, பின்கட்டுக் குளியலறையில் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரிலும் அதை நிலைக்கச் செய்யும் ஹைப்போவிலும் போட்டு எடுத்தேன். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் வரும் எதிர்ப்படங்களைத் திருத்தாமல், சுவரில் விழுந்த வாக்கிலேயே மாட்டினேன்.

இந்தப் பகுதிக்கு இது புதிதல்ல. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப், மெழுகு பூசிய காகித எதிர்ப்படங்களைக் கொண்டு 1858-இல் மதுரையைப் படமெடுத்தார். மதராஸ் ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் சீரமைக்கப்படுவதற்கு முன் சிதைந்து நின்ற திருமலை நாயக்கர் மஹாலை அவற்றில்தான் காண்கிறோம். அந்தப் படங்கள் பெரும்பாலும் ஆளற்றவை. காகிதம் ஒளியை மெதுவாகவே வாங்கிய காலத்தில், குறுக்கே நடந்து போனவர் எவரும் அதில் தங்கியிருக்க முடியாது, தூண்கள்தாம் தங்கின. காகிதத்தில் பதியாத மேகங்களை எதிர்ப்படத்தின் மேல் தூரிகையால் வரைந்து சேர்த்த ட்ரைப், மனிதர்களை அப்படிச் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

பாரிசில், புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் 1838-இல் எடுத்த தெருக்காட்சியிலும் இதே கதைதான்: போக்குவரத்து முழுவதும் மறைந்துபோக, காலணிக்கு மெருகு போடக் காலை நீட்டி ஒரே இடத்தில் நின்ற மனிதர் மட்டும் பதிந்தார். இன்மையைக் காட்டப் பழைய முகப்படங்களையே பெரிதாக்கி, விளக்குகளுக்கு அடியில் மாட்டிய பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கியின் வழி எனக்கு ஒத்துவரவில்லை. 1931-ஆம் ஆண்டு வியன்னாப் பள்ளி ஒன்றின் யூத மாணவர்களுடைய குழுப்படத்திலிருந்து அவர் எடுத்துப் பெரிதாக்கிய முகங்களில் கண்கள் குழிகளாக நிற்கின்றன, உலுக்கும் படைப்புதான். ஆனால் முகத்தைக் கண்டதும் நம் துக்கம் அங்கே ஓடி ஒட்டிக்கொள்கிறது, அந்த முகம் இருந்த இடத்தை நாம் பார்ப்பதே இல்லை.

இரண்டாம் நாள் அத்தை வந்தார். தாள் ஒட்டியிருப்பது தெரியாமல், தாத்தாவின் படம் இருந்த இடத்துக்கு முன்னே போய் நின்றுவிட்டார். துளை திறந்திருந்தது. நகரச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது. கழுவி எடுத்த தாளில் தெரு சாம்பல் நிறத்தில் இருக்க, அத்தையின் தலையும் தோளும் ஒளியை மறைத்த அளவுக்கு மங்கலான ஒரு வெளுப்பு இருந்தது. "ஏம்ப்பா, இது அப்பாவா?" என்று கேட்டார். நீங்கள்தான் அத்தை என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

எதிர்க் கடைத் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருந்த அண்ணன் மூன்றாம் நாள் வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தம்மைத் தேடினார். மெஷினின் உடல் தெளிவாக விழுந்திருந்தது. சக்கரம் வெறும் புகை. அவருடைய முதுகு இருந்தது, கைகள் இல்லை. "மெஷின் முழுசா விழுந்திருக்கு தம்பி, நான் பாதிதான் விழுந்திருக்கேன்" என்றார். சுமை இறக்குபவர்கள், சேலை வாங்க வந்த கூட்டம், மோட்டார் சைக்கிள்கள், இவற்றில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை என்பதைக் காட்டியும் அவருக்குக் குறை தீரவில்லை.

கடைசி நாள் காலையில் அவரே நேரம் சொல்லி அனுப்பினார். பேன்ட் சுருக்க வந்த ஒருவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மெஷினை நிறுத்தி, இரண்டு கைகளையும் பலகையின் மேல் வைத்து ஏழு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளில் சக்கரத்தின் ஆரங்களை எண்ணலாம். அதை அவர் வாங்கிக்கொண்டு போனார். கை இல்லாத படத்தை நான் வைத்துக்கொண்டேன்.