பூட்டிய அறையும் ஐந்தாண்டு உரிமமும்

அக்டோபர் 9, வியாழன்

ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மகன் பேச்சுவாக்கில் சொன்னான். "ஸ்பீச் ரூம் பூட்டியே இருக்கும்மா. உள்ள நாற்காலி அடுக்கி வச்சிருக்காங்க."

இரண்டாம் வகுப்பு. ஆங்கில 'ஆர்' அவன் வாயில் 'வ' ஆகிவிடும். 'ரேபிட்' கேட்டால் 'வேபிட்' வரும். அதற்காக வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், பேச்சுப் பயிற்சி என்று ஐஇபியில், அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி எழுதுகிற தனித் திட்டத்தில், எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். போன வருடம் இருந்த டீச்சர் தங்கமானவர். "தமிழிலும் இதே சிக்கல் உண்டா?" என்று கேட்டு, என் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு அவனோடு பேசச் சொல்லி, 'ர', 'ற', 'ழ' மூன்றையும் காது கொடுத்துக் கேட்டார். அவர் ஜூனில் விலகினார். பள்ளி திறந்து ஆறு வாரமாகியும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. ஆறு வாரமாக யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பள்ளியிலிருந்து பதில் மின்னஞ்சல். தேசமெங்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் தட்டுப்பாடாம், தேடிக்கொண்டே இருக்கிறார்களாம். தட்டுப்பாடு உண்மைதான். அதற்காக நாற்காலி அடுக்கிய அறையை அட்டவணையில் 'ஸ்பீச்' என்றே விட்டுவைப்பானேன்?

மகனுக்கு வேறு சந்தேகம். "பஸ் டிரைவரும் ஆர் சொல்ல மாட்டாரும்மா. 'கா'ன்னுதான் சொல்றாரு. அவருக்கு ஏன் தெரபி இல்ல?" பாஸ்டன் பக்கத்துப் பழைய ஆட்கள் காரை 'கா' என்றுதான் சொல்வார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மகன் படிப்பது சார்ட்டர் பள்ளியில். அப்படியென்றால் என்ன என்று அப்பாவிடம் விளக்க முயன்றேன். கட்டணம் கிடையாது, அரசுப் பள்ளிதான், ஆனால் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் கீழ் வராது, தனியாக ஒரு டிரஸ்டிகள் குழு நடத்தும், பணம் அரசுடையது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமென்றால் குலுக்கல். எங்களுக்கு விழுந்தது.

"நம்ம எய்டட் பள்ளிக்கூடம் மாதிரிதான பாப்பா?" என்றார். முப்பது வருஷம் அப்படி ஒன்றில் கணக்கு வாத்தியார்.

ஏறக்குறைய அப்படித்தான், ஒரு வித்தியாசம்: எங்கள் மாநிலமான மாசசூசெட்ஸில் உரிமம் ஐந்தே ஆண்டுக்கு. 1993ஆம் ஆண்டு கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. ஐந்தாண்டு முடிவதற்குள் மாநிலம் வந்து மூன்று கேள்வி கேட்கும். உரிமம் வாங்கும்போது சொன்னபடி நடக்கிறாயா, பிள்ளைகள் படிக்கிறார்களா, நிர்வாகமும் கணக்குவழக்கும் உருப்படியாக இருக்கிறதா. பதிலைப் பொறுத்துப் புதுப்பிப்பார்கள், நிபந்தனை போட்டுப் புதுப்பிப்பார்கள், ப்ரொபேஷன் என்று கண்காணிப்பில் வைப்பார்கள், அல்லது மூடுவார்கள்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா டிஇஓ இன்ஸ்பெக்ஷனா? எங்க மேனேஜருக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்."

எங்கள் பள்ளிக்கு இது ஐந்தாம் ஆண்டு.

நவம்பர் 6, வியாழன்

டிரஸ்டிகள் கூட்டத்துக்குப் போனேன். பள்ளி நூலகத்தில், மாலை ஆறரைக்கு. திறந்த கூட்டச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், அறிவிப்பு போட்டுத்தான் கூட வேண்டும், யாரும் போய் உட்காரலாம். யாரும் என்றால் இன்று நான் ஒருத்திதான். ஏழு பேர், குட்டிப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். வேலை முடிந்து களைத்து வந்து சம்பளமில்லாமல் உட்காருகிறவர்கள். நாற்பது நிமிடம் கூரை ஒழுகலைப் பற்றிப் பேசினார்கள். மாநிலக் குழு வரப்போகிறது என்பது ஐந்து நிமிடம். பேச்சுப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். தலைவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்.

ஊர்ப் பள்ளி என்றால் ஸ்கூல் கமிட்டி இருக்கும், பெரும்பாலான ஊர்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். இவர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இருக்கிற டிரஸ்டிகளே அடுத்தவரைச் சேர்த்துக்கொள்வார்கள், மாநிலத்தின் ஒப்புதலோடு. இதைத்தான் சார்ட்டருக்கு எதிரானவர்கள் முதல் குற்றச்சாட்டாகச் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் இவர் எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த எச்-4 விசா. ஸ்கூல் கமிட்டி தேர்தலிலும் எனக்கு ஓட்டு கிடையாது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நவம்பர் 13, வியாழன்

மாநிலக் குழு வந்துபோயிருக்கிறது. வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார்களாம். ஆசிரியர்களிடம் தனியாக, டிரஸ்டிகளிடம் தனியாக, பெற்றோரிடம் தனியாகப் பேசினார்களாம்.

பெற்றோர் குழுவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. யார் யார் போனார்கள் என்று தமிழ்ப் பள்ளி வாட்ஸாப்பில் விசாரித்தால், எல்லாம் கேக், பிஸ்கட் விற்று நிதி சேர்க்கிற 'பேக் சேல்' நடத்துகிற, பள்ளிக்கு டீ-ஷர்ட் அச்சடிக்கிற குடும்பங்கள்.

மகன் சொன்னான், "காரிடார்ல புது சார்ட் ஒட்டியிருக்காங்க. ஸ்பீச் ரூம்ல நாற்காலி எல்லாம் எடுத்துட்டாங்க."

சிரித்துவிட்டேன். டிஇஓ வருகிற அன்று காலையில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு உலக உருண்டை மேஜைமேல் வந்து உட்காரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முன் பெஞ்சுக்கு வருவார்கள். அப்பா உட்காரச் சொல்லி நானும் முன் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். பின் பெஞ்சில் யார் இருந்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் இப்போது முகம் வரவில்லை.

ராத்திரி மாநிலக் கல்வித் துறையின் சார்ட்டர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தேதிவாரியாக, அடைமொழி எதுவும் இல்லாமல். வாத்தியார் பிள்ளை என்பது அதில் தெரியும்.

நவம்பர் 22, சனி

தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகள் 'ஆத்திசூடி' ஒப்பித்துக்கொண்டிருக்க, தோழியோடு சண்டை. சண்டை என்றால் காபி குடித்துக்கொண்டே போடுகிற சண்டை. அவள் குடியுரிமை வாங்கிப் பல வருடமாயிற்று. 2016 நவம்பரில் சார்ட்டர் உச்சவரம்பைத் தளர்த்தி, ஆண்டுக்குப் பன்னிரண்டு வரை புதிதாகவோ விரிவாக்கமாகவோ அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது 'வேண்டாம்' போட்டவள். அன்று 62 சதவீதம் பேர் அப்படித்தான் போட்டார்கள்.

"உன் பையன் அங்க போனா அவனோட காசும் எங்க ஊர்ப் பள்ளி பட்ஜெட்ல இருந்து போகுதுடி. ஒரு பையன் போயிட்டான்னு ஒரு டீச்சரைக் குறைக்க முடியுமா, பஸ்ஸுக்கு டீசல் குறையுமா?"

பணம் பிள்ளையின் பின்னால் போகிறது என்பது உண்மை. அந்த அடியைத் தாங்க மாநிலம் ஊருக்கு ஈடு தருகிறது. 2019 சட்டப்படி, முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகப் போகிற தொகைக்கு முதல் வருடம் 100 சதவீதம், அடுத்து 60, அதற்கடுத்து 40. அப்புறம் ஊர் பாடு. ஓர் ஊரின் பள்ளிச் செலவில் 9 சதவீதத்துக்கு மேல் சார்ட்டருக்குப் போகக் கூடாது, தேர்ச்சியில் மிகவும் பின்தங்கிய பள்ளி மாவட்டங்களில் 18 வரை போகலாம் என்று வரம்பும் உண்டு. இவ்வளவையும் அடுக்கினேன்.

"இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க. உன் பையனுக்கு ஸ்பீச் டீச்சர் எங்கன்னு தெரியல" என்றாள்.

டிசம்பர் 3, புதன்

தூக்கம் வரவில்லை. பழைய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். க்ளாஸ்டர் என்கிற மீன்பிடித் துறைமுக ஊர், பாஸ்டனுக்கு வடகிழக்கே. 2009இல் அங்கே ஒரு சார்ட்டர் பள்ளிக்கான விண்ணப்பம் பரிசீலனைக்கு வந்தது. துறையின் சொந்த சார்ட்டர் அலுவலகமே படித்துப் பார்த்துத் தகுதி போதாது என்றது. அப்போதைய கல்விச் செயலர் பால் ரெவில், கல்வித் துறைக் கமிஷனர் மிட்செல் செஸ்டருக்கு நள்ளிரவு நெருங்குகிற நேரத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கையில் இருக்கிற மூன்று விண்ணப்பங்களையும் தள்ளிவிட்டால் வேண்டியவர்கள் பகையாகிவிடுவார்கள், ஒன்றுக்காவது சரி சொல்ல வேண்டும் என்கிற பொருளில். கமிஷனர் பரிந்துரைத்தார், பிப்ரவரியில் மாநிலக் கல்வி வாரியமும் உரிமம் தந்தது. பின்னால் மின்னஞ்சல் வெளியே வந்து நாறிப்போனது. மாநில இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ் ஐஜி இல்லை, அரசு முறைகேடுகளை விசாரிக்கிறவர்) விசாரித்து, அந்த உரிமமே செல்லாது என்று 2010 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். ஆனாலும் அந்த ஆண்டே பள்ளி திறந்தது. 2013 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், மூடியது.

ஜனவரியில்! பனி கொட்டுகிற மாதத்தில் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு பள்ளி. அந்த மின்னஞ்சலில் கூட்டணிக் கணக்கு இருந்தது. இந்தப் பிள்ளைகள் அதில் எங்கே இருந்தார்கள்?

கதையைப் படித்ததிலிருந்து, வாரியம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பதா, எங்கள் பள்ளியை மூடிவிடக் கூடாதே என்று நினைப்பதா, புரியவில்லை. ஒரே ராத்திரியில் இரண்டையும் வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஆள் வந்தாயிற்று! ஆள் என்றால் திரையில். ஏதோ வெளி மாநிலத்திலிருந்து வீடியோவில் பயிற்சி. மகனுக்குப் பிடித்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து விடுமுறையைக் கழித்துப் பார்த்தால் பதினாலு வாரம் போய்விட்டது. 28 வகுப்பு. அதை யார் தருவார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

மாநில வாரியக் கூட்டம். இடம் எவரெட். அம்மாவிடம் நேற்று சொன்னபோது "எவரெஸ்டா? இந்தக் குளிர்லயா?" என்றாள். பனியில் காரை ஓட்டிக்கொண்டு சாண்டிலி ஹைவேயில் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்ததை எண்ணினால் அம்மா சொன்னதில் பெரிய தப்பில்லை.

வாரியத்தில் பதினோரு பேர். பெரும்பாலும் ஆளுநர் நியமித்தவர்கள். கல்விச் செயலர் ஒருவர், தொழிற்சங்கத்துக்கு ஓர் இடம், பெற்றோருக்கு ஓர் இடம். எனக்குப் பிடித்தது, மாணவருக்கும் ஓர் இடம். பள்ளியில் படிக்கிற பிள்ளை, மற்றவர்களுக்கு இருக்கிற அதே ஒரு ஓட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

கூட்டத் தொடக்கத்தில் பொதுமக்கள் பேசலாம், முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தால். குடியுரிமை கேட்கவில்லை, விசா கேட்கவில்லை. மூன்று நிமிடம். எங்கள் பள்ளி இன்றைய நிரலிலேயே இல்லை, இருந்தாலும் பேசலாம். எனக்கு முன்னால் பேசியவர் ஊர்ப் பள்ளி ஆசிரியர், சார்ட்டரே வேண்டாம் என்றார். அவருக்குக் குரல் நன்றாக எடுத்தது. எனக்கு முதல் வாக்கியத்திலேயே நா உலர்ந்தது. தாளைப் பார்த்து வாசித்தேன். பதினாலு வாரம், 28 வகுப்பு, பூட்டிய அறை, ஆய்வு வந்த அன்று காணாமல் போன நாற்காலிகள். பள்ளியை மூட வேண்டாம், பயிற்சியைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று முடித்தேன். இருபது விநாடி மிச்சம்.

யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் வழக்கம், கேட்டுக்கொள்வார்கள், விவாதிக்க மாட்டார்கள். நாற்காலி என்றபோது ஒருவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டேன். லீவு நாள் ஒன்று போச்சு.

பிப்ரவரி 20, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. நான் நினைத்த மாதிரி ஓட்டெடுப்பு, கைதூக்கல் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட புதுப்பித்தல்களைச் செய்ய வாரியம் கமிஷனருக்கே அதிகாரம் கொடுத்து வைத்திருக்கிறது. ப்ரொபேஷன், மூடுவது மாதிரிப் பெரிய விஷயம் என்றால்தான் வாரியம் ஓட்டுப் போடும். எங்கள் பள்ளிக்கு நிபந்தனையோடு இன்னும் ஐந்தாண்டு. சிறப்புக் கல்விச் சேவைகள் ஐஇபியில் உள்ளபடி நடப்பதைக் குறித்த தேதிக்குள் காட்ட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

அதில் 'பெற்றோரின் கடிதம்' என்றோ 'நாற்காலி' என்றோ ஒரு வார்த்தை இல்லை. என் கடிதம்தான் காரணமா, அவர்களே கோப்புகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார்களா என்று தெரியாது. இவர் கேட்டார், "எவரெட் போனது வேஸ்ட்டா?" கோபம் வந்தது. ஆனால் என்னிடமும் பதில் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "டிஇஓ ரிப்போர்ட்லயும் அப்படித்தான் பாப்பா. 'ஆய்வகம் மேம்படுத்தப்பட வேண்டும்'னு ஒரே வரி வரும். யாரு சொல்லி எழுதினாங்கன்னு எங்களுக்குத் தெரியும். எழுதமாட்டாங்க." அப்புறம், கேட்காமலேயே, "நான்தான் ஒருக்கா சொன்னேன்" என்றார். எனக்கு இது இன்றுவரை தெரியாது.

பிப்ரவரி 26, வியாழன்

பள்ளியிலிருந்து எழுத்து மூலமாக: விட்டுப்போன 28 வகுப்பையும் ஈடு செய்வார்கள். வழக்கமான இரண்டோடு வாரம் ஒன்று கூடுதல், மீதி கோடை விடுமுறையில். கடிதத்தில் வருத்தம் என்ற சொல் இல்லை, 'பொறுமைக்கு நன்றி' இருக்கிறது. என் பொறுமையை இவர்கள் எங்கே பார்த்தார்களோ.

அதே உறையில் சின்னவளுக்கான குலுக்கல் படிவம். அண்ணன் படிக்கிறான் என்பதால் அவளுக்கு முன்னுரிமை. தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நிரப்பத்தான போற?" என்றாள். நிரப்பி முடித்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, மகன் பென்சிலால் கோடு போடுகிறான், பால்காரர் கணக்கு மாதிரி. இன்றோடு மூன்று. "ரேபிட்" என்றான். எனக்கு 'வேபிட்' என்றுதான் கேட்டது, அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மீதி 25.